ஆடலாம் இல்ல, ஆடணும்

பிப்ரவரி 4

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கைதான் எழுதுறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோன்னு பயந்துடாதே. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். நாம ரெண்டு பேரும் போன்ல பேச ஆரம்பிச்சா மூணாவது நிமிஷம் சண்டை, அஞ்சாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் வச்சுடுறோம். "இனிமே எதுவா இருந்தாலும் எழுதுங்க, எழுதினா குறுக்கே பேச முடியாது"ன்னு அண்ணி தீர்ப்பு சொல்லிட்டாங்க. அந்த உத்தரவுப்படி வர்ற கடிதம் இது. குறுக்கே பேசாம படி.

போன வாரம் நீ கட்டின பந்தயம் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. "இந்த ஆட்டத்தையும் அந்த விளையாட்டுப் பெட்டிக் கம்பெனி திருப்பி அனுப்பிட்டா, அட்டை, கத்தரிக்கோல், காய் எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டு, பஸ் டிப்போ வேலையை மட்டும் பாரு." சரின்னு சொல்லிட்டேன். ஏற்கெனவே என்னோட ரெண்டு ஆட்டத்தைத் திருப்பி அனுப்பினவங்க. மூணாவதும் திரும்பினா, நீ சொல்லாமலே நான் பரண் ஏறிடுவேன். ஆனா நான் ஜெயிச்சா நீ என்ன செய்யணும்? என் எதிர்ல உக்காந்து ஒரு தடவை ஆட்டுப் பக்கம் ஆடணும். பிறந்ததுல இருந்து புலிப் பக்கத்தை விட்டு நகராத ஆள் நீ. அதை மறந்துடாதே.

இப்ப ஆட்டத்தைப் பத்தி. பேரு "மந்தை". அடிப்படை நம்ம ஆடுபுலி ஆட்டம்தான். மூணு புலி, பதினஞ்சு ஆடு. புலி ஒரு ஆட்டைத் தாண்டினா அந்த ஆடு காலி. ஆடுங்க எல்லாம் சேர்ந்து மூணு புலியையும் நகர விடாம அடைச்சா ஆட்டுக்காரர் ஜெயிச்சார். என் சரக்கு பலகையிலதான் இருக்கு. கோடு போட்ட ஒரே பலகை கிடையாது, ஒன்பது துண்டு அட்டை. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி சேர்த்து வச்சா வேற வழி, வேற சந்து, வேற மூலை. இத்தனை வருஷமா எந்த பஸ் எந்தத் தெருவுல திரும்பணும்னு ரூட் போட்டுக்கிட்டு இருக்கறவளுக்கு வேற எப்படி யோசனை போகும்?

சிக்கல் என்னன்னா, அஞ்சு ஆடு போயிட்டா ஆட்டம் செத்துடுது. ஆட்டுக்காரருக்குத் தோக்கப்போறோம்னு தெரிஞ்சுடுது, ஆனா முடிய இன்னும் நேரம் இருக்கு. டிப்போவுல டிரைவர்களை ஆட வச்சுப் பார்த்தேன். ஒருத்தர் அஞ்சாவது ஆடு போனதும் "எனக்கு வண்டிக்கு நேரமாச்சு"ன்னு எழுந்துட்டார். அவர் வண்டி கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கு. அட்டவணை போட்டதே நான், என்கிட்டயே சொல்றார்.

மார்ச் கடைசியில இறுதிச் சுற்று. மூணு ஆட்டம் போட்டியில இருக்கு, ஒண்ணைத்தான் எடுப்பாங்க. அதுக்குள்ள இந்த ஓட்டையை அடைக்கணும். நல்ல காயும் வேணும், இப்ப சட்டை பட்டனை வச்சு ஆடிக்கிட்டு இருக்கேன். நீ தினமும் பல்செட்டுக்கு அச்சு எடுக்குற ஆள்தானே? கோபத்தை ஒரு ஓரமா வச்சுட்டு ஆடும் புலியும் வார்த்து அனுப்பு. ஒரு செட் அட்டை இதோட வச்சிருக்கேன், அண்ணியோட ஆடிப் பாரு.

அண்ணிக்கு என் முழு அன்பு. உனக்குப் பாதி.

உன் தங்கை


பிப்ரவரி 16

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்துக் காட்டினாள். "உனக்குப் பாதி" என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

காய்கள் இந்தப் பார்சலில் இருக்கின்றன. ஆடுகள் ஏன் ரோஸ் நிறத்தில் இருக்கின்றன என்று கேட்காதே. பல்செட்டில் ஈறு செய்கிற அக்ரிலிக் அந்த நிறத்தில்தான் வரும். மெழுகில் செதுக்கி, பிளாஸ்டரில் அச்செடுத்து, ஒவ்வொன்றையும் பாலிஷ் போட்டிருக்கிறேன். ஒருவர் வாயில் வைக்கிற பொருளுக்கு எவ்வளவு வழவழப்பு வேண்டுமோ அவ்வளவு இருக்கும். புலிகள் பல்லுக்கு மூடி போடுகிற உலோகம். மிச்சம் மீதியைச் சேர்த்து உருக்கி வார்த்தேன், அதனால் கனம். வாயைத் திறந்து பார்த்தால் கோரைப்பல் தெரியும். பல் இல்லாத புலியை நான் அனுப்பினால் தொழிலுக்கே கேவலம்.

எங்கள் லேப் முதலாளி அடுப்பில் புலியைப் பார்த்துவிட்டு, "இது எந்த டாக்டர் அனுப்பின கேஸ்?" என்றார். தங்கை கேஸ் என்றேன்.

இனி உன் சிக்கல். புலி ஜெயிக்கிறது என்று ஒரு குறையா? அது புலி. உன் அண்ணியோடு ஆடினேன். நீ சொன்னபடியே ஐந்தாவது ஆடு போனதும் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. நான் மட்டும் மூன்று புலிகளோடு உட்கார்ந்திருந்தேன். அது ஒரு மாதிரி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீ அப்படி எழுந்து போனதே இல்லை. ஒரு ஆடு போனதும் உதடு பிதுங்கும், அடுத்து ஊருக்கே கேட்கிற மாதிரி அழுகை. நான் ஆட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஸ்விட்ச் போட்ட மாதிரி நிற்கும். உனக்கு அழுகுணி என்று சும்மாவா பெயர் வைத்தேன்? அழுகுணி ஆட்டத்தை ஆடியே வளர்ந்தவள் இன்று ஆட்டத்துக்கு விதி எழுதுகிறாள். காலம்.

பந்தயம் பந்தயம்தான். பரணில் இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வை.

உன் அண்ணன்


பிப்ரவரி 25

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

ஆடுகளைப் பார்த்ததுல இருந்து எனக்குச் சிரிப்பு அடங்கல. ஒவ்வொண்ணும் அப்படி ஒரு வழவழப்பு, கையில எடுத்தா கீழே வைக்க மனசு வரல. டிப்போவுல ஒரு கண்டக்டர் "இது கடிக்குமா"ன்னு கேட்டார். புலியைத் தூக்கிப் பார்த்தவங்க எல்லாம் திருப்பித் திருப்பிப் பல்லை எண்ணுறாங்க. உனக்கு இனி முழு அன்பு. நீ எழுதுற தமிழ் மட்டும் பத்திரப் பதிவு ஆபீஸ்ல இருந்து வந்த மாதிரி இருக்கு, அதைச் சரி பண்ணிக்கோ.

நீ என்னைக் கிண்டல் பண்ணத்தான் எழுதினே. ஆனா அதைப் படிச்சதும் எனக்குப் பொறி தட்டிடுச்சு. ஆட்டுக்காரர் எழுந்து போறதுக்குப் பதிலா அழட்டுமே? அதையே விதியாக்கிட்டேன். எழுதினதை அப்படியே தர்றேன்:

"புலி ஒரு ஆட்டைச் சாப்பிட்டதும் ஆட்டுக்காரர் 'அழுகுணி'ன்னு சத்தமா சொல்லலாம். சொன்னா அந்த ஆடு அவர் கைக்குத் திரும்பும், அடுத்த முறை எங்கே வேணா வைக்கலாம். அதுக்கு ஈடா புலி உடனே ரெண்டு தடவை ஆடலாம். ஒரு ஆட்டத்துல ஒரு முறைதான் அழலாம்."

சின்ன வயசுல நான் அழுதா நீ ரெண்டு தடவை ஆடுவியே, அதேதான்.

டிப்போவுல இதுக்கு என்ன வரவேற்புங்கறே. மீசை வச்ச ஆளுங்க எல்லாம் "அழுகுணி"ன்னு கத்துறாங்க. வண்டிக்கு நேரமாச்சுன்னு ஓடினவர் தானா வந்து உக்காந்து ரெண்டு ஆட்டம் ஆடினார். ஒருத்தரும் பாதியில எழுந்திருக்கல.

ஆனா அண்ணா, ஜெயிக்கறது இன்னும் புலிதான். வசதிப்பட்டா ரெண்டு தடவை ஆடி இன்னொரு ஆட்டைத் தூக்குறாங்க, இல்லன்னா நல்ல இடத்துல சும்மா உக்காந்துக்கிறாங்க. ஒரு ஆடு வருது, ஒரு ஆடு போகுது. அழுததுக்குப் பலனே இல்ல. நாலு நாளா என்னென்னவோ மாத்திப் பார்த்துட்டேன். நேத்து அட்டையை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சுட்டு வெறுமனே பார்த்துக்கிட்டு இருந்தேன். எனக்குப் பயமா இருக்கு. இது போச்சுன்னா நான் பந்தயத்துல தோத்த மாதிரி இல்ல, எனக்குப் பிடிச்ச ஒரே வேலை போன மாதிரி. அதை உன்கிட்ட போன்ல சொல்ல முடியாது. எழுத முடியுது.

உன் தங்கை


மார்ச் 4

தங்கைக்கு,

இரண்டு விஷயம்.

முதலாவது. வீட்டுக்குள் கூப்பிட்ட பெயரைப் பெட்டியில் அச்சடித்துக் கடையில் வைப்பதா? நாளைக்கு யாரோ ஒரு டாக்டர் என் லேபுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்துவிடு.

இரண்டாவது, இதுதான் எனக்குத் தாங்கவில்லை. விதியையே தப்பாக எழுதியிருக்கிறாய். "ரெண்டு தடவை ஆடலாம்" என்று நான் எந்தக் காலத்தில் சொன்னேன்? ஆடலாம் இல்ல, ஆடணும். இருக்கிற இடம் எவ்வளவு வசதியா இருந்தாலும் புலி கிளம்பி ரெண்டு தடவை ஆடியே தீரணும். போன வழியே திரும்பி வரவும் கூடாது. அதுதான் நம்ம வீட்டு விதி. நான் சொன்ன விதியை எனக்கே தப்பா எழுதி அனுப்புறியா நீ?

நீ அழுதால் அம்மா வந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். ஆட்டம் பாதியில் நிற்கக் கூடாது, அதற்காக ஆட்டைத் திருப்பித் தந்தேன். அதற்கு நான் இரண்டு முறை ஆடணும் என்று அம்மாவிடம் நானே பெருமையாகச் சொன்னேன். ஏதோ எனக்கு லாபம் என்ற நினைப்பு. அந்த "ணும்" என் புலிகளில் எத்தனையைத் தின்றிருக்கிறது தெரியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டே என் புலி போய் மாட்டுகிற மூலையில் ஆட்டைக் கொண்டுவந்து வைப்பாய். அழுதது உனக்கு ஞாபகம் இருக்கிறது, ஜெயித்தது ஞாபகம் இல்லை. நல்ல ஞாபகசக்தி.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பகுதியை உன் அண்ணி என்னிடம் சத்தமாகப் படிக்கவில்லை, காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பந்தயத்தை வேண்டுமானால் ரத்து செய்கிறேன்.

அண்ணன்


மார்ச் 12

என் அண்ணாவுக்கு,

உக்காந்துட்டியா? உக்காந்து படி.

"லாம்"ஐ அடிச்சுட்டு "ணும்" போட்டேன். போன வழியே திரும்பக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்தேன். வேற எதையும் தொடல. அன்னிக்கு மதியமே டிப்போவுல ஆட வச்சேன். முதல் ஆட்டம் ஆடு ஜெயிச்சுது. அடுத்தது புலி. அடுத்தது ஆடு, கடைசிக் காய் வரைக்கும் யாருக்கும் மூச்சு விட முடியல. புலிக்காரர் இப்ப ஆட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடியே யோசிக்கிறார்: "இதைச் சாப்பிட்டா எதிர்ல இருக்கறவன் அழுவானே, அழுதா நான் எங்க போய் நிப்பேன்?" அழுகையைப் பார்த்துப் புலி பயப்படுது அண்ணா. ஒரு மாசமா நான் தேடினது இதைத்தான். நீ திட்டுற வேகத்துல கொடுத்துட்டே.

பந்தயத்தை ரத்து பண்ணக் கூடாது. பண்ணினே, நான் நேர்ல வந்து சண்டை போடுவேன்.

இப்ப இன்னொரு தொல்லை. கம்பெனியில விதிப் புத்தகம் எல்லாத்தையும் திருத்துறவர் ஒருத்தர் இருக்கார். இறுதிச் சுற்றுல மூணு ஆட்டத்துக்கும் எதிர்ல உக்காந்து ஆடப்போறதும் அவர்தான். அங்க அவரை யாரும் ஜெயிச்சதில்லையாம். நல்ல மனுஷன், மெதுவாத்தான் பேசுவார், ஆனா பென்சில் கையை விட்டு இறங்காது. என் விதியைப் படிச்சுட்டு ரெண்டு இடத்துல வட்டம் போட்டார். "ஆடணும்னு எழுதினா விளையாட வர்றவங்களை மிரட்டுற மாதிரி இருக்கும்மா, ஆடலாம்னு மாத்திடலாம்"னார். முடியாதுன்னுட்டேன். அடுத்தது, "அழுகுணி கொஞ்சம் மட்டமான வார்த்தை. மறுவாய்ப்புன்னு போடலாமே"ன்னார்.

ணும்-ஐ நான் விடப்போறதில்ல. வார்த்தையை மட்டும் விட்டுக் கொடுத்துடலாமான்னு யோசிக்கிறேன். உனக்கும் அது பிடிக்கல. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். எழுது.

உன் தங்கை


மார்ச் 17

தங்கைக்கு,

மறுவாய்ப்பா? பரீட்சையில் ஃபெயிலானவனுக்குத்தான் மறுவாய்ப்பு. ஆட்டைப் பறிகொடுத்தவளுக்கு அழுகைதான். மீசை வைத்த டிரைவர் எழுந்து நின்று "மறுவாய்ப்பு" என்று கத்துவாரா? நினைத்துப் பார்த்தால் எனக்கே தூக்கம் வருகிறது.

அது நான் வைத்த பெயர். எடுக்கிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. எடுக்க மாட்டேன். போன கடிதத்தில் எடுத்துவிடு என்று எழுதியிருந்தேனே என்று கேட்பாய். எழுதினேன். வீட்டுக்காரன் சொல்வது வேறு, வெளியாள் சொல்வது வேறு. அந்த வார்த்தையை எடுத்தால் என் ஆடுகளைப் பார்சலில் திருப்பி அனுப்பிவிடு, பட்டனை வைத்து ஆடு.

இதோடு ஒரு ஆடு அனுப்புகிறேன். திரும்பி வருகிற ஆடு இதுவாக இருக்கட்டும். உதட்டைப் பார், மூன்று முறை மெழுகை உருக்கி மறுபடி செய்தேன். உன் அண்ணி பார்த்துவிட்டு "அப்படியே அவதான்" என்றாள்.

போய் ஆடு.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா, என் அண்ணா,

போன் பண்ணத்தான் கை போச்சு. உத்தரவு இருக்கேன்னு பேனாவை எடுத்தேன். அண்ணி மேல எனக்கு இப்ப கொஞ்சம் கோபம்.

ஜெயிச்சுட்டேன். முதல்லயே சொல்லிட்டேன், இனி நிதானமா படி.

ஒரு நீளமான அறை. நடுவுல பச்சைத் துணி விரிச்ச மேஜை. கம்பெனியை நடத்துற அம்மா மேஜையோட தலைப்பக்கம் உக்காந்திருந்தாங்க, சுத்தி ஏழெட்டுப் பேர். என் ஆட்டம் கடைசி. மத்த ரெண்டு பேரையும் திருத்தக்காரர் அலுங்காம ஜெயிச்சுட்டு, தண்ணி குடிச்சுட்டு, என் எதிர்ல வந்து உக்காந்தார். உன் புலியைத் தூக்கி வாயைப் பார்த்தார். "பல்லெல்லாம் சரியா இருக்கே"ன்னார். "எங்க அண்ணன் செஞ்சது, பல்லுல மட்டும் தப்பு வராது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

நான் ஆடு. அவர் புலி. ஆரம்பமே மோசம். அவர் கணக்குப் போட்டு ஆடுற ஆள். அடுத்தடுத்து ஆடு போகுது, ஒவ்வொரு தடவையும் அழலாமான்னு தொண்டை வரைக்கும் வருது. அடக்கிக்கிட்டேன். எனக்கு அழுகையை அடக்கத் தெரியும்னு நீ நம்பமாட்டே. ரெண்டு புலியை எப்படியோ அடைச்சுட்டேன். அதுக்குள்ள என் ஆட்டுல பாதி காலி. பின்னால ஒருத்தர் "முடிஞ்சுது"ன்னு மெதுவா சொன்னது என் காதுல விழுந்துச்சு. கம்பெனி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாங்க. பரண் எனக்குக் கண்ணுல தெரிஞ்சுது அண்ணா, நிஜமா.

மூணாவது புலி நடுவுல நல்லா வசதியா நின்னுச்சு. அதுக்குப் பக்கத்துல, அது தாண்டி வர்ற மாதிரி, உதடு பிதுங்கின ஆட்டைக் கொண்டுபோய் நானே வச்சேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். எதுக்கு இப்படி வைக்கிறான்னு யோசிச்சார். நான் அழமாட்டேன்னு நினைச்சுட்டார்னு தோணுது, அவ்வளவு நேரம் அழாம இருந்தேனே. தாண்டிச் சாப்பிட்டுட்டார்.

"அழுகுணி"ன்னேன்.

டிப்போவுல கத்துற மாதிரியே கத்திட்டேன். அறையில கொல்லுன்னு சிரிப்பு. அவரும் சிரிச்சுக்கிட்டே ஆட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, "நான் இருக்கிற இடத்துலயே இருந்துக்கிறேன்"னார். விதித் தாளை அவர் பக்கம் தள்ளினேன். அவர் போட்ட பென்சில் வட்டம் அதுல அப்படியே இருந்துச்சு, வட்டத்துக்குள்ள "ஆடணும்". அவர் விரலை வச்சுப் படிச்சார். அப்புறம் பலகையைப் பார்த்தார். அவர் முகத்துல சிரிப்பு மெதுவா இறங்கினதை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

சுத்தி எல்லாம் என் ஆடு. ஒரே ஒரு சந்துதான் திறந்திருந்துச்சு. ஒரு தடவை ஆடினார், சந்துக்குள்ள போச்சு. இன்னொரு தடவை ஆடணும், போன வழியே திரும்பக் கூடாது. மூலைக்குப் போச்சு. மூலையோட இன்னொரு வாசலை நான் ஏற்கெனவே அடைச்சு வச்சிருந்தேன். கையில இருந்த ஆட்டை எடுத்து அது வந்த வாசல்ல வச்சேன். பின்னாடி இன்னொரு ஆடு நிக்குது, தாண்டவும் முடியாது. உன் புலி, கோரைப்பல்லோட, அசைய முடியாம நின்னுச்சு. அதுக்கு எதிர்ல ரோஸ் நிறத்துல ஒரு ஆடு உதட்டைப் பிதுக்கிக்கிட்டு.

அப்புறம் திருத்தக்காரர் எழுந்து கை கொடுத்தார். பையிலிருந்து ரப்பர் எடுத்து அந்த ரெண்டு வட்டத்தையும் அவரே அழிச்சார். "இன்னொரு ஆட்டம் போடலாமா"ன்னார். கம்பெனி அம்மா "அவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்ல"ன்னு சொல்லிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டாங்க. வருஷத்துக்கு ஒரு ஆட்டம் நான் செஞ்சு தரணுமாம். டிப்போவுல திங்கட்கிழமை இந்தச் சேதியைச் சொல்லணும், வண்டிக்கு நேரமாச்சுன்னு ஓடின அந்த டிரைவர்தான் அழுவார்.

பெட்டிக்கு அடியில யார் பேர் போடணும்னு கேட்டாங்க. ரெண்டு பேர்னு சொல்லிட்டேன். எனக்குக் கீழே உன் பேர், சின்ன எழுத்துல "விதி" அப்படின்னு போட்டு. நீ வேண்டாம்னு எழுதினாலும் மாத்த மாட்டேன்.

அண்ணா, எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கு. யாருகிட்ட சொல்லணும்னு யோசிச்சப்போ முதல்ல உன் ஞாபகம்தான் வந்துச்சு.

ஜெயிச்ச
உன் தங்கை


ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

உன் கடிதம் லேபுக்கு வந்துச்சு. வீட்டு விலாசம் போடாம எதுக்கு இங்க அனுப்பினேன்னு முதல்ல திட்டிட்டுத்தான் பிரிச்சேன். கையில ஒருத்தரோட மேல் வரிசைப் பல்லு, பாதி பாலிஷ் போட்டது. அதை வச்சுட்டுப் படிச்சேன். "அழுகுணின்னேன்"ங்கற இடத்துக்கு வந்ததும் எனக்கு அடுத்த வரி தெரியல. கண்ணாடியைத் துடைச்சுப் பார்த்தேன், கண்ணாடியில ஒண்ணும் இல்ல. முதலாளி என்ன ஆச்சுன்னு கேட்டார். அக்ரிலிக் தூசி விழுந்துடுச்சுன்னேன். "மாஸ்க் போட்டிருக்கீங்க, கண்ணாடி போட்டிருக்கீங்க, எந்த வழியா விழுந்துச்சு"ங்கறார். கடிதத்தை அவர்கிட்டயே கொடுத்துட்டேன். அவர் படிச்சுட்டு லேப் முழுக்கச் சொல்லிட்டார். இப்ப எல்லாரும் என்னை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நான் எதைப் பார்த்துப் பயந்தேனோ அது நடந்துடுச்சு. ஒண்ணும் மோசமா இல்ல.

உன் அண்ணிக்கு வீட்டுல நான் படிச்சுக் காட்டினேன், சத்தமா. புலி மூலைக்குப் போற இடத்தை அவ மூணு தடவை படிக்கச் சொன்னா. போன் பேசக் கூடாதுன்னு போட்ட தடையை நீக்கிட்டாளாம், உன்கிட்ட சொல்லச் சொன்னா. ஆனா நீ எழுதறதை நிறுத்தாதே.

என் தமிழ் பத்திரப் பதிவு மாதிரி இல்லாம இருக்கான்னு பாரு.

பந்தயத்துக்கு வர்றேன். நீ ஜெயிச்சுட்டே, நான் ஆட்டுப் பக்கம் ஆடணும். ஆடலாம் இல்ல, ஆடணும், எனக்குத் தெரியும். வர்ற ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கிட்டு வா. புலி மூணும் உனக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கடிதத்தைப் படிச்சு நான் அழுததுக்கு விதிப்படி எனக்கு ஒரு ஆடு வரணும். அந்த உதடு பிதுங்கினதைக் கொண்டுவந்து என் கையில கொடு. நீ ரெண்டு தடவை ஆடிட்டு அப்புறம் ஆரம்பிப்போம்.

இப்படிக்கு,
அழுகுணி